விரிப்பில் மாட்டிய மாம்பழக் கலர் துணி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும்போது முதலாளி என் தூக்குவாளியைத் திறந்து காட்டச் சொன்னார். கழுவின ஈரம்தான் இருந்தது. "தப்பா நெனைக்காதம்மா, துணி பொழங்குற எடம்" என்றார். தப்பாகத்தான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு தையல் கடை. கட்டிங் பார்த்தவர் வேலுச்சாமி மாஸ்டர், திருச்சுழிக்காரர், அதிகம் பேசாத ஆள். கடையில் நான் ஒருத்திதான் பொம்பளை. கஸ்டமர் துணியை என்னை நம்பிக் கொடுக்கமாட்டார்கள். எனக்குக் கொடுத்தது ஒட்டு விரிப்பு வேலை.

ஒட்டு விரிப்பு

வெட்டும்போது விழுகிற ஓரத் துணிகளை வைத்துத் தைப்பது. பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொள்வேன். மூலைக்கு மூலை குறுக்காக ஒரு பட்டையை வைத்து, அதன் மேல் இன்னொன்றைக் கவிழ்த்துப் போட்டு, ஓரத்தில் ஒரு தையல். பிறகு புரட்டி, நகத்தால் நீவிவிட்டு, அடுத்த பட்டை. சதுரம் நிரம்பியதும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டால் ஒரு கட்டம் முடிந்தது. நாலு கட்டத்தைச் சேர்த்தால் நடுவில் டைமண்டு விழும். ஒல்லி, தடிமன், கோணல் எல்லாமே இதில் அடங்கிவிடும். காரியாபட்டிச் சந்தை வியாபாரிகள் வாங்கிப் போவார்கள். பார்வைக்கு ஒன்றைக் கடை வாசலில் தொங்கவிடுவது முதலாளியின் வழக்கம்.

டெய்லர் துணி அடிப்பான் என்று நினைக்காத கஸ்டமர் எந்த ஊரிலும் கிடையாது. அப்படியிருக்க, ஊரார் துணியையெல்லாம் பட்டை பட்டையாகத் தைத்து வாசலில் தொங்கவிடுவது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. மாஸ்டர் அதைச் சொல்லிப் பார்த்தார், முதலாளி கேட்கவில்லை.

ஒரு தடவை மாஸ்டர் சொந்தத்தில் ஒரு சாவு என்று ஊருக்குப் போயிருந்தார். வெட்ட ஆளில்லை, அதனால் ஓரத் துணியும் இல்லை. முதலாளி கட்டிங் மேஜைக்கு அடியில் கையை விட்டு ஒரு பையை இழுத்து, "இது கெடக்குது பாரு, இதையும் வச்சுத் தையி" என்று போட்டார். பிரித்ததும் எனக்கு உறுத்தியது. எல்லாம் நல்ல ரவிக்கைத் துணி. இரண்டு விரல்கடை அகலத்தில் நூல் பிடித்த மாதிரி நேராக வெட்டியிருந்தது. கழிவுத் துணி இப்படி விழாது. யாரோ வேண்டுமென்றே வெட்டி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. மாஸ்டரைத் தவிர அங்கே வெட்டுகிறவர் யார்? இவரும் இப்படியா என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் தைத்தேன்.

பாளையம்பட்டி அம்மா

மாஸ்டர் திரும்பி வந்த சமயம் அந்த விரிப்பு வாசலில் தொங்கியது. பாளையம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் சம்சாரம் வந்தார். எங்கள் பழைய கஸ்டமர். படியில் ஏறப் போனவர் விரிப்புக்கு முன்னால் நின்றுவிட்டார். அதில் மாம்பழக் கலரில் கத்தரிப்பூக் கட்டம் போட்ட ஒரு பட்டை.

"இது எம் மக கல்யாண ரவிக்கத் துணில்ல?" என்றார்.

"அந்தக் கலரு எத்தனையோ பேருட்ட இருக்கும்மா" என்றார் முதலாளி.

"யாருட்ட இருக்கும்? தறிக்காரரு வீட்ல உக்காந்து, கட்டஞ் சொல்லி நெய்ய வச்சது. மொழங்கை வரைக்கும் கை வைக்கத் துணி காணாதுன்னு சொன்னீகளே மாஸ்டரு. காணாத துணி இங்க எப்படித் தொங்குது?"

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். அவர் முகம் செத்துவிட்டது. தரையைப் பார்த்தபடி நின்றார். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"வாயத் தொறந்து சொல்லுய்யா" என்று முதலாளி கத்தினார். அப்போதும் மாஸ்டர் தரையைத்தான் பார்த்தார்.

அந்த அம்மா, பட்டையைப் பிரித்துக் கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்றார். பிளேடை வைத்து நான்தான் தையலைப் பிரித்தேன். சுருட்டி முந்தியில் முடிந்துகொண்டு போனார். முதலாளி மாஸ்டரிடம், "நாளையிலருந்து நீ வராத" என்று சொல்லிவிட்டார்.

மாஸ்டர் தன் கத்தரியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குண்ணே எடுத்தீக?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கல்யாண ரவிக்கை தாயி. ஒரு வருசத்துல புள்ள உண்டாயிரும். ஒடம்பு போடும், கக்கத்துல பிடிக்கும். அதே துணி ரெண்டு விரல்கடை இருந்தா தையலப் பிரிச்சு ஒட்டுக் குடுத்து அகலம் விட்டுறலாம். கை கொஞ்சம் கொறஞ்சா ஒன்னும் கெட்டுப்போகாது. நான் எப்பவும் எடுத்து வக்கிறதுதான்."

"அத அந்தம்மாட்ட சொல்ல வேண்டியதுதானண்ணே?"

"தாலி ஏறாத புள்ளையோட ஒடம்பப் பத்தி, ஆம்பள நான் அவுக அம்மாட்ட எப்படிச் சொல்ல? இன்னைக்குச் சொல்லலாம்னா தெருவே நிக்கிது."

முதலாளியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "இப்ப யோசிச்சு ஒரு கதை கட்டுறான். நீயும் அவனுக்குத் தூது வாரியா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. கடையில் ஒருத்தியாக இருக்கிற பொம்பளை அதற்கு மேல் என்ன பேச முடியும்? மாஸ்டர் திருச்சுழி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஏழாம் மாசம்

அடுத்த வருசம் சித்திரை வெயிலில் ஒரு நாள் அந்த அம்மா மறுபடியும் வந்தார். கையில் அதே மாம்பழக் கலர் ரவிக்கை.

"மகளுக்கு வளகாப்பு. இதத்தான் போடுவேங்கிறா, கக்கத்துல பிடிக்குது" என்று முந்தியை அவிழ்த்து அந்தப் பட்டையை எடுத்தார். "இத வச்சு விட்டுத் தரச் சொல்லுங்க. மாஸ்டர் எங்க?"

முதலாளி கணக்கு நோட்டைப் புரட்டினார். நான் பேசினேன். மாஸ்டர் எதற்காக எடுத்து வைத்தார், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, "வரச் சொல்லுங்க அவர" என்றார். முதலாளி அன்றைக்கே திருச்சுழிக்கு ஆள் விட்டார். மாஸ்டர் வரவில்லை. வந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கடையில் எனக்கும் அன்றைக்கே மனசு விட்டுப் போனது.

ஒட்டை நான்தான் போட்டேன். என் கைக்கு வந்த முதல் கஸ்டமர் துணி. வேலை முடிந்ததும் அந்த அம்மா ரவிக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், திருப்தி. பிறகு கேட்டார், "ஒட்டுப் போட்டது போக மிச்சம் எங்க?"

மடியில் கிடந்த நகத்தளவுத் துண்டைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

பிற்பாடு நான் சொந்தமாகக் கடை வைத்தேன். தையலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நல்லதுக்காக எடுத்தாலும் சொல்லிவிட்டு எடுங்கள். கல்யாண ரவிக்கை வந்தால் அம்மாக்காரியிடம், "கக்கத்துக்கு ரெண்டு விரல்கடை வெட்டி உங்க கையிலயே குடுத்துர்றேன், வச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுவேன். பொம்பளை என்பதால் எனக்கு அது வாயில் வந்தது. அவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். ஆனாலும் படி இறங்குவதற்குள் என் மேஜைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.