கீழ் லைனில் ஆள் இருக்கிறது

எனக்குப் பதினெட்டு வயது முடிந்த சமயம் பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்தது. குன்னூர்ப் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட்டில் பேக்டரி நின்றுபோய், அதன் புகைபோக்கியில் காக்காய் உட்கார ஆரம்பித்திருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். என் பெயர் முதன்முதலாக ஓட்டு லிஸ்டில் ஏறியது அப்போதுதான். என் அம்மா எப்பேர்ப்பட்டவள் என்று நான் தெரிந்துகொண்டதும் அப்போதுதான்.

பெயர் சேர்க்கும் படிவத்தை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். குன்னூர் பஜாரில் போட்டோ எடுத்தபோது பூசிய பவுடர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதைப் பார்த்து அம்மா இரண்டு நாள் சிரித்தாள். வரைவுப் பட்டியலைக் கிரீச் சுவரில் ஒட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் எஸ்டேட் கட்டடம்தான் கிரீச். தேர்தல் வந்தால் ஓட்டுச் சாவடியும் அதுதான்.

பட்டியலில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் ஒன்றான மேல் லைனின் வீடுகள் வரிசையாக இருந்தன. அதற்கு அடுத்து ஸ்டாப் குவார்ட்டர்ஸ் வந்துவிட்டது. நடுவே இருக்க வேண்டிய எங்கள் கீழ் லைனைக் காணோம். அம்மா இல்லை, அண்ணன் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா இல்லை. வீடே லிஸ்டில் இல்லாதபோது அந்த வீட்டிலிருந்து புதிதாக விண்ணப்பித்த நான் மட்டும் எப்படி இருப்பேன்? பவுடர் பூசியது வீண் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

விசாரித்ததில், எல்லாம் பூட்டு செய்த வேலை என்று தெரிந்தது. எங்கள் லைன்களில் பூட்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வேலைக்குப் போகிறவர்கள் கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டிவிட்டுப் போவார்கள். லைனில் எப்போதும் யாராவது இருப்பார்கள். ஒரு வீட்டில் பூட்டுத் தொங்கினால், அந்தக் குடும்பம் சாமான் சட்டியோடு மலையை விட்டு இறங்கிவிட்டது என்று பொருள். பேக்டரி நின்ற பிறகு நாங்கள் கேத்தியில் கேரட் பிடுங்கப் போக ஆரம்பித்தோம். விடிவதற்கு முன்பே கீழ்ரோட்டுக்கு ஜீப் வரும். நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் ஏறிவிடுவோம். லைனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வீட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டோம். கணக்கெடுக்க வந்தவர் பகலில் வந்து, வரிசையாகப் பூட்டுகளைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் பேக்டரி கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம், "பூட்டுன ஊடுன்னா என்னங்க?" என்று கேட்டிருக்கிறார். "பூட்டியிருந்தா கீழ எறங்கிப் போயிட்டாங்கன்னு அர்த்தமுங்க" என்று இவரும் சொல்லிவிட்டார். எந்த லைன் என்று இவர் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை.

வாட்ச்மேன் மேல் லைன்காரர், வஞ்சகமில்லாத மனிதர். அம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அன்று சாயங்காலம் கால் நிறையக் கேரட் மண்ணோடு வந்தவள், விஷயத்தைக் கேட்டதும் முகம்கூடக் கழுவாமல் நேராகப் பேக்டரி கேட்டுக்குப் போனாள்.

"ஏனுங்ண்ணா, நான் செத்துட்டனா?"

"அய்யோ, என்ன பேச்சும்மா இது?"

"அப்ப ஊரை உட்டு ஓடிட்டனா? நேத்துக்கூட உங்க ஊட்டுல வந்து மோர் வாங்கிட்டுப் போனேன். எந்தப் பேய் வந்து வாங்கிட்டுப் போச்சுன்னு நெனச்சீங்க?"

அம்மா அதோடு விட்டுவிட்டாள். திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். இரவு கீழ் லைன் முழுவதற்கும் சேர்த்து ஒரு மனு எழுதினேன். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். மனுவைத் தாலுகா ஆபீசில் வாங்கிக்கொண்டு, வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து விசாரிப்பார், அன்று எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு நாளும் குறித்துக் கொடுத்தார்கள். அது கேரட் வேலை மும்முரமாக நடக்கிற நாள். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று ஜீப்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அம்மா வீடு வீடாகப் போய்ப் பேசினாள். ஒரு வீடுகூட அன்று ஜீப் ஏறவில்லை. இதை இப்போது எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் கீழ் லைனில் உண்மையாகவே போய்விட்டவர்களும் இருந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போன குடும்பங்கள் தங்கள் வீட்டுச் சாவிகளை அம்மாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தன. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அந்த ஊடுகளையுந் தொறந்து வெச்சு, கொடியில ரெண்டு துணியப் போட்டுருவம்க்கா. கேட்டா வேலைக்குப் போயிருக்கறாங்கன்னு சொல்லிக்கலாம். லிஸ்டுல ஆளு கொறஞ்சா ஓட்டுக் கேக்கற ஜீப்பு மேல ஏறாது. அப்பறம் தண்ணி பைப்புக்கு நாம யாருகிட்டப் போய் நிக்கறது?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. கட்சிக்காரர்கள் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த லைனில் எத்தனை ஓட்டு என்று பார்த்துத்தான் வண்டியைத் திருப்புவார்கள். பெயர் நிறைய இருக்கும் லைனுக்குக் கும்பிடும் நிறையக் கிடைக்கும். அம்மா அந்தச் சாவிகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "போனவங்க ஊடு பூட்டுனபடியே இருக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் அக்கா வற்புறுத்தவில்லை. முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அண்ணனைப் பற்றி அப்போது யாரும் பேச்செடுக்கவில்லை. அவனும் திருப்பூரில்தான் இருந்தான். ஆனால் அம்மாவின் கணக்கில் அவன் போனவன் இல்லை. "ரெண்டு மாசத்துல வந்துருவான்" என்று யார் கேட்டாலும் சொல்வாள். அவன் போய் எத்தனையோ இரண்டு மாதம் ஆகிவிட்டது. அவன் விட்டுப்போன சட்டையை இடையிடையே துவைத்துக் காயப்போடுவாள். அவன் போய்விட்டான் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆய்வாளர் வந்தார். கையில் பழைய பட்டியல் இருந்தது. மனிதருக்கு எங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "எல்லா லைன்லயும் இதேதாம்மா சொல்றீங்க. போய்ப் பாத்தா பாதி ஊட்டுல ஆளே இல்லை" என்று சலித்துக்கொண்டார். எங்கள் வீடுதான் முதல் வீடு. வாசலில் கீழ் லைன் முழுக்க வந்து நின்றது.

அம்மாவின் பெயரைப் படித்தார். "நானுங்க" என்றாள். அடுத்து அண்ணன் பெயரைப் படித்தார்.

"வேலைக்குப் போயிருக்கறானுங்க" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் முந்திக்கொண்டு வந்தது.

ஆய்வாளர் பேனாவைப் பட்டியலில் வைத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக்கூட ஆட்ட வேண்டாம். சும்மா நின்றாலே போதும், அண்ணன் பெயர் திரும்ப ஏறிவிடும். கொடியில் அவன் சட்டை வேறு காய்ந்துகொண்டிருந்தது. அதைவிடப் பெரிய சாட்சி யாருக்கு வேண்டும்?

"இல்லீங்க சார்" என்றாள் அம்மா. "அவன் திருப்பூர்ல இருக்கறான். போயிட்டானுங்க."

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இங்க எழுதலீன்னா அவருக்கு இந்த ஊர்ல ஓட்டு இல்லை."

"அவன் இருக்கற எடத்துல எழுதிக்கட்டுங்க. இல்லாதவன இருக்கறான்னு நானே சொன்னா, இருக்கற எங்கள இருக்கறோம்னு நீங்க எப்புடி நம்புவீங்க?"

சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பெற்ற மகனைப் பற்றி அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாத ஒன்றை, எங்கள் எல்லோருடைய பெயருக்காகவும் ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டாள். அந்த நிமிடம் அவளுடைய மகள் என்பதில் எனக்கு வந்த பெருமையை, பின்னாளில் எந்த வேலையும் எந்தச் சம்பளமும் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு ஆய்வாளர் கேட்ட விதமே மாறிவிட்டது. அடுத்தடுத்த வீடுகளில் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பெயரைப் படித்துவிட்டு அம்மாவைத்தான் பார்த்தார். இருக்கிறார்கள் என்றாள், எழுதிக்கொண்டார். போய்விட்டார்கள் என்றாள், கோடு இழுத்தார். பக்கத்து வீட்டு அக்காவும் கடைசியில், "இந்த ஊட்டுக்காரங்க ஆடி மாசமே போயிட்டாங்க சார்" என்று தானாக முன்வந்து சொன்னாள். மறுநாள் ஜீப்காரர் எங்களில் சிலரை ஏற்ற மறுத்ததும், அவரிடம் அக்காவே வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனதும் தனிக் கதை.

இறுதிப் பட்டியல் அச்சாகி வந்தபோது கிரீச் சுவருக்கு முன்னால் எங்கள் லைன் மொத்தமும் கூடியது. மேல் லைனுக்கும் ஸ்டாப் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் கீழ் லைன் திரும்ப வந்திருந்தது. முன்பிருந்ததைவிடச் சின்னது, ஆனால் அத்தனை பேரும் அங்கே நிற்கிறவர்கள். நான் உரக்கப் படிக்கப் படிக்க, அவரவர் பெயர் வந்ததும் ஒரு சத்தம் எழுந்தது. வாட்ச்மேன்கூட வந்து ஓரமாக நின்று கேட்டார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல நான் எது?" என்று கேட்டாள். விரலைப் பிடித்து அவள் பெயரின் மேல் வைத்தேன். பிறகு விரலை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"இங்க யாரு?"

"நான்தாம்மா."

விரலை அவள் எடுக்கவில்லை. அண்ணன் பெயர் இத்தனை நாள் இருந்த இடம் அது.

"ஊட்டுல ரெண்டு பேரு" என்றாள் அம்மா. "சரியாத்தான் எழுதியிருக்கறாங்க."