தண்ணீரைக் கண்டு முகம் திருப்பிய நாய்

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், கோடையில், தூத்துக்குடியில் நடந்தது இது. நர்ஸ் பயிற்சி முடித்து அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். தினமும் தோணிகள் நிற்கும் கரை வழியாகத்தான் வேலைக்குப் போவேன். ஒரு காலையில், கிழிந்த வலைக் குவியலில் ஒரு நாய் சிக்கிக் கிடந்தது. கழுத்தில் தோல் பட்டை. ஏதோ கப்பல்காரர்கள் விட்டுப் போனது என்றார்கள். கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டும்போது என் புறங்கையைக் கடித்துவிட்டது.

காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டினேன். நாயைக் கொல்லாமல் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்கச் சொன்னார். நலமாக இருந்தால் கவலை இல்லை. வெறியின் அறிகுறி தெரிந்தால் தொப்புளைச் சுற்றி ஊசி. பயந்த நாயும் கடிக்கும், வெறிநாயும் கடிக்கும். எது என்று அந்த நாய்தான் சொல்ல வேண்டும்.

வேறு யாரும் அதை ஏற்கவில்லை. என் வாடகை வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தில் சங்கிலி போட்டு நானே கட்டினேன்.

நான் அதை அன்போடு பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். எச்சில் வடிகிறதா, குரல் மாறுகிறதா, தாடை தொங்குகிறதா, நிழலில் பதுங்குகிறதா என்று வரிசையாகப் பார்ப்பேன். நிழலில் பதுங்கத்தான் செய்தது. அந்த வெயிலில் நானும் நிழலைத்தான் தேடினேன். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. எல்லாவற்றையும்விட, சட்டியில் வைத்த தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. பயிற்சியின்போது வெறிநாய் கடித்த நோயாளி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். டம்ளரைக் கண்டதுமே அவர் தொண்டை இழுத்துக்கொண்டது. அந்த முகம் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கார அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை.

"தண்ணியக் கண்டா முகத்தத் திருப்புதுல்லா தாயி? இது அதுதான். சாயங்காலம் நகராட்சி ஆள் தடியோட வாரான். நீ குறுக்க நிக்காத."

ஊசிக்கு டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எண்ணிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கொல்லை வழியாக வந்தேன். நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு என் மேல் பாய்ந்தது. பயந்து குடத்தைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒண்டினேன். அது என் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் ஓடிய தண்ணீரை நக்கியது; பிறகு குடத்துக்குள் மூக்கை விட்டு மடமடவென்று குடித்தது.

சட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சோப்பு நுரைக்காத எங்கள் கிணற்றுத் தண்ணீர். கோடையில் உப்பு ஏறிப் போயிருந்தது. குழாயில் வரும் நல்ல தண்ணீர் மனிதருக்கு, கிணற்று நீர் ஆடு, கோழிக்கு என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். கப்பலில் நல்ல தண்ணீர் குடித்துப் பழகிய நாய்க்கு உப்புத் தண்ணீர் பிடிக்காது என்று யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எங்கப்பா வெட்டுன கெணறு. அதுல இதுக்கு என்ன குறை கண்டுச்சாம்?" என்றார் கோபமாக. ஆனால் தடியோடு வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகும் அந்தப் பத்து நாள் முடியும்வரை நான் அதைச் சந்தேகமாகத்தான் பார்த்தேன். கெடு தாண்டி அது தெம்பாக வாலாட்டியபோதுதான் நகராட்சியில் நாய் வளர்க்க உரிம வில்லை வாங்கிப் பட்டையில் கோத்தேன். அதற்கென்று தனிக் குடமும் வாங்கினேன். குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை.

"ஏளா, மனுசங்களே வரிசையில நின்னு சாகுதோம். நாய்க்கு நல்ல தண்ணியா?"

"அதுக்கும் சேத்துத்தான்க்கா வரிசையில நிக்கேன்."

இன்றும் வார்டில் ஒரு நோயாளி கஞ்சியைத் தள்ளிவிட்டால், அவருக்கு என்ன நோய் என்று யோசிக்கும் முன் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து நான் ருசி பார்க்கிறேன்.