ஸ்கேனுக்காக எடுத்த தாடி

ஸ்கேன் மையத்தில் ஒரே பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேர் கர்ப்பிணிகள், ஆறாவது நான். பெயர் கூப்பிடும் பெண், "தாத்தா, உங்க பொண்ணு உள்ள போயிட்டாங்களா? நீங்க வெளிய குந்துங்க, இடம் பத்தல" என்றாள்.

"ஸ்கேன் எனக்குத்தான் மா."

பக்கத்திலிருந்த பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எதிரே நின்ற என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

என் தாடிக்கு அடியில், கீழ்த்தாடையில் ஒரு கட்டி இருந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு, பிறகு நெல்லிக்காய். புற்று என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் சவரத்தை நிறுத்தினேன். அப்போது மனைவிக்கு வலது கண்ணில் புரை எடுக்க இருந்தார்கள். தறிக்காரர்களுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பவள். ஓர் இழை இரண்டாகத் தெரிகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் ஒருவன் தாடி விட்டால் ஏன் என்று கேட்க மாட்டார்கள், எந்தச் சாமிக்கு என்றுதான் கேட்பார்கள். அவளும் கேட்டாள். "திருப்புட்குழி பெருமாளுக்கு" என்றேன். தன் கண்ணுக்காகத்தான் என்று அவளே முடிவு செய்துகொண்டு, சனிக்கிழமைகளில் சோற்றை விட்டாள். நான் திருத்தவில்லை. வலது கண் தெளிந்தது. இடது கண் பாக்கி.

ஒரு நாள் முறுக்கைக் கடித்துவிட்டு அலறினேன். அவளே பல் மருத்துவரிடம் இழுத்துப்போனாள். எக்ஸ்ரேயில் பல் வேருக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம். அது நீரா, சதையா என்பது எக்ஸ்ரேயில் தெரியாது, மேலெலும்பு மெலிந்திருப்பதால் ஸ்கேனில் தெரியும் என்று இங்கே அனுப்பினார்.

ஸ்கேன் மருத்துவர் அம்மா தாடியின்மேல் களிம்பைத் தடவிக் கருவியை வைத்தார். திரையில் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை.

"முடிக்குள்ள காத்து நிக்குது சார். ஷேவ் பண்ணிட்டு வந்துடுங்க."

"ஐயோ, அது வேண்டுதல் மா," என்றாள் மனைவி. "எனக்கு இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்குது. கோயில்ல குடுக்காம எடுத்தா சாமி குத்தமாயிடும்."

"எடுக்கலைன்னா படம் வராதும்மா."

களிம்பில் முடி படிந்து, கட்டி அப்பட்டமாகத் தெரிந்தது. மனைவி குனிந்து பார்த்தாள். "இம்மாம் பெருசா?" என்றாள். பிறகு மருத்துவரிடம், "எடுத்துடுங்க மா. போனா என் கண்ணு தானே போவுது."

"வேண்டுதல் ஒன்னும் இல்ல," என்றேன். "கட்டிய மறைக்கத்தான் விட்டேன்."

"அப்ப சனிக்கிழம?" என்றாள்.

பதினான்கு சனிக்கிழமை. அவளுக்குத் தெரியாது; நான் எண்ணி வைத்திருந்தேன்.

கழிவறைக் கண்ணாடி முன் அவர்கள் கொடுத்த ரேசரால் மழித்தேன். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன்.

இப்போது கருவி தாடையின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. "அசையாதீங்க சார்," என்றார் மருத்துவர். திரையில் சிவப்பும் நீலமும் மினுக்கின. "ரத்த ஓட்டம் ஓரத்துலதான் இருக்குது, நடுவுல இல்ல. நீர்க்கட்டிதான்னு தோணுது. எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. ஆனா நீங்க பயந்த மாதிரி இல்ல."

களிம்பைத் துடைக்க மனைவி துண்டை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தெருமுனையில் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மறித்தார். "இன்னா சார், மொகம் பளபளன்னு இருக்குது! வேண்டுதல் முடிஞ்சிச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "முடிஞ்சிச்சி பா. நல்லபடியா முடிஞ்சிச்சி."

வீடு வரும்வரை அவளுடைய இடது பக்கமாகவே நடந்தேன். அந்தக் கண்ணுக்கு நான் சரியாகத் தெரியமாட்டேன்.