காயில்காரரின் பெரியப்பா

உள்ளறையில் கிலுகிலுப்பை தரையில் விழுந்த சத்தம் கேட்டதும் காயில்காரரின் உதடுகள் நின்றுவிட்டன. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும்போது அவர் சுற்றுகளை வாய்க்குள்ளேயே எண்ணுவார். இப்போது எண்ணிக்கை போயிற்று. பெருமூச்சு விட்டபடி சுற்றியதையெல்லாம் பிரித்தார். “மறுபடி ஒண்ணுல இருந்து,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. எரிந்துபோன மோட்டார்களுக்கு நடுவே அவரும் ஏறக்குறைய எரிந்துபோனவர்போல்தான் உட்கார்ந்திருப்பார். மகள் பிறந்ததிலிருந்து கண்ணுக்குக் கீழே கருவளையம். சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்ந்துவிடுவார். எழுப்பினால், “தூங்கலைங்க, மென்னுக்கிட்டு இருந்தேன்,” என்பார்.

குட்டிக்கு வலது உள்ளங்கை பாதியோடு நின்றுவிட்டது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டுகள்போல் சின்னச் சின்ன மேடுகள். கிலுகிலுப்பையை அந்தக் கைக்கும் மோவாய்க்கும் நடுவே இடுக்கிக்கொள்வாள். விழும். தவழ்ந்துபோய் மறுபடி இடுக்குவாள். அவளாகவே எடுக்கட்டும், ஓடிப்போய் உதவாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் தகப்பன் நிலைப்படியில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். நாள் முழுக்கக் கம்பி சுற்றினாலும் வராத வலி அந்தக் கைகளில் அப்போது வரும்.

குட்டி பிறந்த புதிதில் பார்க்க வந்தவர்கள் முதலில் குழந்தையின் கையைப் பார்த்தார்கள். அடுத்து தாயைப் பார்த்தார்கள். மாசமாக இருந்தபோது என்ன தின்றாய், எங்கே விழுந்தாய் என்று துருவினார்கள். அந்தப் பெண்ணோ, கருவுற்றது தெரியாமல் காய்ச்சலுக்கு விழுங்கிய ஒரு மாத்திரையை நினைத்து நினைத்து உருகிக்கொண்டிருந்தாள். மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. பிள்ளையைத் தொடவே அஞ்சி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அப்போதுதான் காயில்காரர் மனைவியிடம் அந்தப் பொய்யைச் சொன்னார். தன் அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். அவருக்கும் இதே கையாம். வந்தவர்களிடமும் அதையே சொன்னார்: “எங்க பரம்பரைச் சொத்துங்க. வீடு வாசல்தான் வரல, இதாவது வந்துச்சே.”

அன்று மாலையே அவள் எழுந்து குழந்தையைக் குளிப்பாட்டினாள்.

ஆனால் பொய்யும் ஒரு பிள்ளைதான். அதற்கும் தீனி போட வேண்டும். பெரியப்பா எப்படிச் சாப்பிட்டார், எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று அவள் கேட்கக் கேட்க, மகளோடு சேர்த்து இல்லாத பெரியப்பாவையும் வளர்க்க வேண்டியதாயிற்று. ஒருநாள் தாக்குப்பிடிக்க முடியாமல், “நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அக்காதான் பாத்திருக்கா,” என்று சொல்லிவிட்டார். அக்கா எங்கோ தொலைவில் கணக்கு டீச்சர். லேசில் வரமாட்டார் என்ற தைரியம். மாடிவீட்டுக்காரியான என்னிடம் இதைச் சொன்னபோதும் பாதியில் கொட்டாவி விட்டார்.

போன வாரம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பழுதான மின்விசிறியோடு நானும் வாசலருகே உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் தண்ணீர் குடித்து முடிக்கும்வரைகூடக் குட்டியின் அம்மாவுக்குப் பொறுமையில்லை.

“அண்ணி, பெரியப்பா சட்டைப் பொத்தான் எப்படிப் போட்டுக்குவாரு? குட்டிக்கு நான் பழக்கணும்ல.”

“எந்தப்...” என்று தொடங்கிய அக்கா தம்பியைப் பார்த்தார். அவர் கம்பியே மாட்டாத ராட்டையைத் தலைகுனிந்து சுற்றிக்கொண்டிருந்தார். அக்காவின் பார்வை அந்தப் பெண்ணின் முகத்துக்குத் திரும்பிச் சற்று நேரம் அங்கேயே நின்றது.

“எந்தப் பொத்தானைக் கேக்கற, மேல் பொத்தானா? காலரைப் பல்லால இழுத்துப் பிடிச்சுக்குவாரு. மத்ததுக்கெல்லாம் இடது கை போதும். யாராச்சும் ஒத்தாசைக்குப் போனா மட்டும் பொல்லாத கோவம் வரும்.”

“குட்டிக்கும் அப்படியே வருது அண்ணி!” அவள் சிரித்துவிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

புறப்படும்போது தம்பி வாசல்வரை வந்தார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தணித்தார். “பொய் சொன்னா பிள்ளைங்க காதைத் திருகற பொழப்புடா எனக்கு. அந்த மனுஷனுக்கு ஒரு பேராவது வச்சிருக்கியா?”

“இன்னும் இல்லக்கா.”

“அடுத்த தடவை அவ கேட்டா?”

அக்காவின் கை தம்பியின் காதை நோக்கி எழுந்தது. அதற்குள் அவர் பார்வை தம்பியின் தோளைத் தாண்டி உள்ளறைக்குப் போய்விட்டது. நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே அவள், புருஷனின் பழைய சட்டை ஒன்றைத் தன் உடைமேல் போட்டுக்கொண்டு, வலது கையை இறுக மூடி மடியில் வைத்திருந்தாள். காலரைப் பல்லில் கவ்வியபடி, இடது கையால் மேல் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குட்டி அண்ணாந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்த கை இறங்கியது. தம்பியை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, ஓசைப்படாமல் கதவை வெளியிலிருந்து அக்காவே இழுத்துச் சாத்தினார்.