நாலுவழிச் சாலையில் காய்ந்த என் மிளகாய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரை ஒட்டி, தலைநகரிலிருந்து மாநில எல்லை வரை போகும் நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. தார் போட்டாகிவிட்டது, வண்டிகள் விடவில்லை. எங்கள் பக்கம் ரோடு என்றால் பாதி போக்குவரத்துக்கு, பாதி தானியம் காயப்போடுவதற்கு. சும்மா கிடந்த அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது.

ஒரு வருடம் பாடுபட்டுப் பறித்த மிளகாய் அத்தனையையும் டிராக்டரில் கொண்டுபோய்ச் சாலையில் பரப்பினேன். ‘தேசத்திலேயே பெரிய களம் என்னுடையதுதான்’ என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டேன்.

சாலை வேலை மேஸ்திரி கயத்தாறுக்காரர். நேராக என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, இது ரோடா, உங்க வீட்டுக் களமா? சாயங்காலத்துக்குள்ள அள்ளிருங்க.”

“சும்மாதான கெடக்கு? எம் மொளகா பட்டு ஒங்க ரோடு தேஞ்சா போயிரும்?”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஜெயித்த மிதப்பில் நானும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன்.

இடிச் சத்தத்தில்தான் விழித்தேன்; வெளியே நல்ல மழை. பங்குனியில் மழை வராது என்று ஊருக்கே ஜோசியம் சொன்னவன் நான். மிளகாய் நனைந்தால் வெளுத்துப் பூசணம் பிடித்துவிடும். அதை நம்பித்தான் குடும்பமே இருந்தது. அவசரத்தில் புஞ்சைக்குள் குறுக்கே ஓடினேன். நனைந்த கரிசலில் ஓடக்கூடாது என்பது எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். செருப்பு இரண்டும் போயின. ஒவ்வொரு காலிலும் அரை மூட்டை மண். இரண்டு முறை விழுந்து எழுந்து சாலையோரம் போய்ச் சேர்ந்தால், மிளகாயைக் காணோம்!

நடு ரோட்டில் நீலத் தார்ப்பாய் மூடிய ஒரு குவியல். மேஸ்திரியும், வடக்கேயிருந்து வந்த வேலையாட்களும் மிளகாயைக் கூட்டிக் குவித்து மூடி, பாய் காற்றில் பறக்காமலிருக்க ஓரங்களில் தாங்களே உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் தும்மல். ஒருவர் மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, முகத்தை மழைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தற்செயலாக அவர்கள் தங்கியிருந்த கொட்டகைப் பக்கம் பார்த்தேன். கூரை இல்லை. கூரையாகப் போட்டிருந்த தார்ப்பாய்தான் இது. உள்ளே அவர்களுடைய துணிமணியும் அரிசியும் நனைந்துகொண்டிருந்தன.

கும்பிட்டபடி சாலையில் ஏறப் போனேன்.

“அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க!” என்று கத்தினார் மேஸ்திரி. “காலக் கழுவிட்டு ஏறுங்க. உங்க களம்லா, அழுக்காயிரும்!”

தமிழ் தெரியாதவர்களும் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அன்று எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். குழம்பில் மிளகாய் மட்டும் வேண்டாம் என்று கைஜாடையில் கெஞ்சினார்கள்.

இப்போது அந்தச் சாலையில் வண்டிகள் பறக்கின்றன. பஸ்ஸில் அந்த இடம் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவேன்; பலர் பாதியிலேயே தூங்கிவிடுகிறார்கள். தூங்கட்டும். தங்கள் கூரையைப் பிரித்து என் மிளகாயை மூடியவர்கள் போட்ட சாலை என் ஊர் வழியாகப் போகிறது என்ற பெருமையில், நான் மட்டும் ஒவ்வொரு முறையும் அங்கே நிமிர்ந்து உட்காருகிறேன்.