போணி ஆகாத கடை

நைட்டி வியாபாரம் என்பது, வாங்குகிறவர் வாயால் சொல்லும் அளவை நம்பாமல், சொல்லாமல் விட்ட அளவைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற தொழில்.

எதிரே ஆள் நின்றால் அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆன்லைனில் ஆளும் கிடையாது, குரலும் கிடையாது. போனையே கல்லாப்பெட்டியாக வைத்துக்கொண்டு, அது எப்போது 'டிங்' என்னும் என்று முறைத்துக்கொண்டிருக்கும் என் சக பாவிகளே, கீழே எழுதியிருப்பதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், நடக்கும்.

எனக்கு ஊர் பள்ளிபாளையம். படிப்பு எட்டாவதோடு சரி. ராசிபுரம், ஆட்டையாம்பட்டி என்று சந்தை சந்தையாக மூட்டை சுமந்து, தார்ப்பாய் விரித்து, தொண்டை கிழியக் கூவி விற்றவள். பேரத்தில் என்னை ஜெயித்தவர்கள் குறைவு. கோபம் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன். ஜனங்கள் சந்தைக்கு வருவதை விட்டுவிட்டுப் போனில் வாங்க ஆரம்பித்ததும், நானும் ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் கணக்குத் திறந்தேன். வீட்டு முன்னறையில் நான் துணி வெட்டுவேன், நூர்ஜஹான் தைப்பாள். பக்கத்துத் தெருக்காரி, என்னைவிடச் சின்னவள். புருஷன் இல்லை. அந்தத் தையல் மிஷின் ஓடினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். ஆக இந்தக் கடை படுத்தால் ஒரு வீடு அல்ல, இரண்டு வீடு படுக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பாக்கெட்டில் பாமாயில்

ஒரு நாள் ரிட்டர்ன் பார்சல் ஒன்று வந்தது. திருப்பி அனுப்பிய காரணம், 'பிடிக்கவில்லை'. பிரித்துப் பார்த்தால் நாங்கள் அனுப்பிய அதே நீலப்பூ நைட்டிதான். கழுத்தில் மஞ்சள் கறை, கையில் தாளித்த வாசம். பாக்கெட்டில் கையை விட்ட நூர், ரேஷன் கடை ரசீது ஒன்றை எடுத்தாள். பிடிக்காத நைட்டியைப் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்று பாமாயில் வாங்கியிருக்கிறார்கள்.

ஆன்லைன் சந்தைக்காரர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பாட்டுப் போட்டார்கள். அது முடிந்து இன்னொரு பாட்டுப் போட்டார்கள். கடைசியாக ஒரு பையன் வந்தான். "அந்தம்மா நெம்பர் மட்டும் குடு சாமி. திட்ட மாட்டேன், பேசித் தீத்துக்கறேன்" என்றேன். தர முடியாதாம். எனக்கு ஏறிவிட்டது. "துணி என்னுது, கறை அவங்களுது, நடுவுல நீ யாருடா?" என்று கத்தினேன். அவனுக்குக் கோபமே வரவில்லை. இந்த மாதிரி நூறு பேரைப் பார்த்த குரலில் சொன்னான்: "கஸ்டமர் எங்க கஸ்டமர்ங்க மேடம். நீங்க வெறும் செல்லர்."

முதல் ஆர்டர்

இத்தனை வருஷம் விற்று, என் கஸ்டமர் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சரி, சொந்தமாக ஒரு ஆன்லைன் கடை போடுவது என்று முடிவு செய்தேன். சேலத்தில் வெப்சைட் செய்து தருகிற தம்பி ஒருவரைப் பிடித்து, அவர் சொன்ன தொகையைப் பேரம் பேசிப் பாதிக்குக் கொண்டுவந்தேன். பாதித் தொகைக்குப் பாதி வெப்சைட்தான் கிடைக்கும் என்பது பிறகு தெரிந்துகொண்ட விஷயம்.

எமகண்டம் கழித்துக் கடையைத் திறந்தோம். போனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஸ்பீக்கர் ஓட்டைக்குள் குங்குமம் போய், இன்றைக்கும் அதில் யார் பேசினாலும் சளி பிடித்த மாதிரிதான் கேட்கிறது. நூருக்குச் சந்தைப் பழக்கம் கிடையாது. அவளுக்குப் போணி பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். முதல் விற்பனைதான் போணி. போணி பண்ண வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். கடையில் உட்கார்ந்தவர் போணி ஆகாமல் எழுந்து போகக் கூடாது. அவள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மத்தியானமே 'டிங்'. பிரியா, அஸ்தம்பட்டி, சேலம். பணம் கட்டியாயிற்று என்று பச்சையில் காட்டியது. போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நூரும் வாங்கி ஒற்றிக்கொண்டாள். போணிப் பார்சலைக் கூரியரில் போட மனசு வருமா? ஒரு ஜாக்கெட் துணியைக் கொசுறாக வைத்து, நானே பஸ் ஏறிச் சேலம் போனேன். விலாசம் விசாரித்து, மாடி ஏறி, பெல்லை அமுக்கினால், கதவைத் திறந்தது வெப்சைட் தம்பி. "அக்கா! பேமெண்ட் பக்கம் வேலை செய்யுதான்னு பாக்க நான் போட்ட டெஸ்ட் ஆர்டர்ங்க்கா அது. நெசமா காசு எதுவும் வராது" என்று நெளிந்தார். அதற்குள் பின்னால் இருந்து வந்த அவர் சம்சாரம் பிரியா, கவரைப் பிரித்து உடம்பில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "நல்லாத்தான் இருக்குது, ஆனா எனக்குப் பத்தாது. மாத்தித் தருவீங்களாக்கா?"

ஐந்து நட்சத்திரம்

சொந்தக் கடையில் ஈ கூட வரவில்லை. பழைய ஆன்லைன் சந்தையில் மட்டும் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை. அங்கே வாங்குகிறவர்களை இங்கே இழுத்துவிட்டால்? நூருக்கு அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. 'அடுத்த தடவை எங்ககிட்டயே நேரா வாங்குங்க, விலை குறைவு' என்று எழுதி, கீழே என் நம்பரைப் போட்டு, போகிற ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வைத்தோம். அப்படி வைக்கக் கூடாது என்று அவர்களுடைய நிபந்தனையில் எங்கேயோ இருக்கிறதாம். அந்த நிபந்தனையை முழுசாகப் படித்த ஆள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், காலில் விழுகிறேன்.

தர்மபுரிப் பக்கம் ஒரு புண்ணியவதி. நைட்டி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என்மேல் இருந்த பிரியத்தில், நைட்டியையும் சீட்டையும் சேர்த்துப் படம் பிடித்து, அந்த ஆன்லைன் சந்தையின் விமர்சனப் பக்கத்திலேயே போட்டு, ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிட்டார். மறுநாள் என் கணக்கை மூடிவிட்டார்கள். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை, அதனால் அதைச் சரியாகச் செய்யவில்லை போல. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த கடைசிப் பாராட்டு அதுதான், எழுத்துப் பிசகாமல் தருகிறேன்: "துணி சூப்பர். அந்த அக்கா ரொம்ப நல்ல மனசு. நேரா போன் பண்ணா கொறச்சு தராங்களாம். எல்லாரும் வாங்குங்க பிரண்ட்ஸ்."

ஊடு

இனி திரும்பிப் போக இடமில்லை. சொந்தக் கடை ஒன்றுதான் கதி. திருச்செங்கோட்டிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். நைட்டி பிடித்திருக்கிறது, ஆனால் முன்பணம் கட்டப் பயமாக இருக்கிறது, ஊரெல்லாம் ஏமாற்றுகிறார்களே, கடையை வீடியோவில் காட்டுங்கள் என்றார். நியாயம்தான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

போனைத் திருப்பிக் காட்டினேன். வெட்டுகிற மேஜை, நூரின் மிஷின், அடுக்கி வைத்த துணி, சுவரோரம் கேஸ் சிலிண்டர், கொடியில் என் புடவை. நூர் போனைப் பார்த்துக் கும்பிடு போட்டாள். அந்த அம்மா ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மரியாதை குறையாமல் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்: "கடைன்னு சொன்னீங்க, யாரோ குடியிருக்கற ஊடாட்டம் இருக்குதுங்களே."

கடைசி விலை

இதற்குள் தினமும் காலையில் நூர் வந்து மிஷினைத் துடைத்துவிட்டு, "போணி ஆச்சுங்களாக்கா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தைக்க எதுவும் இல்லாததால் துடைப்பது மட்டும் ரொம்பச் சுத்தமாக நடந்தது. தெரு முனையில் காலை எட்டு மணிக்கு ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி வேன் வந்து நிற்கும். தையல் தெரிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டி ஈரோட்டுப் பக்கம் போகும். அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். "பாக்கறனுங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். என்னிடம் அவள் அதைச் சொல்லவில்லை. வேன் டிரைவர் சொன்னார்.

ஒரு நாள் காலை, போன். ஆத்தூர்க்காரப் பெண். "வெப்சைட்ல போட்ட விலை இருக்கட்டும். கடைசி விலை சொல்லுங்க" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனை வருஷம் ஆயிற்று இந்த வார்த்தையைக் கேட்டு! ஆன்லைன் சந்தையில் எவரும் பேரம் பேசுவதில்லை. வாங்குவார்கள், உடுத்துவார்கள், திருப்பி அனுப்புவார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். துணி எத்தனையாம் நம்பர் நூல் என்று சொன்னேன், சாயம் போகாது என்றேன், நூரின் தையலை நாலு வரி புகழ்ந்தேன். அவளும் சளைத்தவள் இல்லை. எங்கள் ஊர் வாரச் சந்தையில் இதே நைட்டி இன்ன விலை என்றாள். நூர் மிஷினை விட்டு எழுந்து வந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேரத்தில் ஒரு இடம் உண்டு. அங்கே வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். எதிராளி தானாக ஏறி வருவார். அந்த இடம் வந்தது. நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் காலை நேரம், போணி ஆகவில்லை, போணி ஆளை வெறுங்கையோடு விடக் கூடாது, எதிரே நூர் நிற்கிறாள். நானாக ஒரு படி இறங்கினேன். ஆத்தூர்க்காரி பேசவில்லை. இன்னொரு படி இறங்கினேன். ஜாக்கெட் துணி கொசுறு என்றேன். கூரியர் காசு வேண்டாம் என்றேன். அசல் விலைக்கும் கீழே போய்விட்டேன். அதற்கப்புறம் அந்தப் பெண், பேரம் பேசிய தோரணையெல்லாம் போய், நிஜமாகவே பயந்த குரலில் சொன்னாள்: "இவ்ளோ இறங்கறீங்கன்னா துணியில ஏதோ இருக்கு. வேண்டாங்க."

எட்டு மணி வேன்

அதற்குப் பிறகு நூர் போணி ஆச்சா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால் எரிந்து விழுந்தேன், கேட்காவிட்டாலும் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் கத்திரிக்கோல் கண்ணில் படவில்லை என்று அவளைத் திட்டித் தீர்த்தேன். அது என் கையில்தான் இருந்தது. அவள் எதிர்த்துப் பேசுகிற ரகம் இல்லை. திட்டு முடியும் வரை ஊசியில் நூல் கோப்பாள். கோத்த நூலை உருவிவிட்டு மறுபடி கோப்பாள்.

ஒரு காலையில் 'டிங்'. கை தானாகப் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அப்புறம்தான் திறந்து பார்த்தேன். மெரூன் நைட்டி, ஒன்று, எக்ஸ்எல். பணம் கட்டியாயிற்று. இந்தத் தடவை நிஜப் பணம். பெயர், நூர்ஜஹான். விலாசம், பக்கத்துத் தெரு. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே மிஷினில் உட்கார்ந்து, தன் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? எனக்கே பிச்சை போடறயா?" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவள் மெரூன் துணியை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். அவள் தைத்தாள். தனக்குத்தானே தைக்கிறாள் என்று ஒரு தையலைக்கூட அவள் அவசரமாகப் போடவில்லை. காஜா எடுத்து, பிசிறு வெட்டி, மடித்து, கவரில் போட்டு, தன் பெயரைத் தானே எழுதி ஒட்டினாள். பிறகு கையை நீட்டி, "கொசுறு?" என்றாள். ஜாக்கெட் துணியைக் கொடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாகவே கொடுத்தேன். கோபத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நாளையில இருந்து வேனுக்கு வாரேன்னு சொல்லிட்டனுங்க்கா" என்றாள். போகிறவள் போகவேண்டியதுதானே, எதற்கு இந்த நைட்டி என்று கேட்டேன். கேட்டது சண்டைக்குத்தான். பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டியபடியே அவள் சொன்னாள்: "போணி ஆகாத கடையில இருந்து எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

அந்த உதவி எண் பையனை இப்போது கூப்பிட்டு, என் கஸ்டமர் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஒரு ஆள் உண்டு என்று சொல்லலாம்தான். என்ன, அவள் தினமும் காலை எட்டு மணிக்கு வேன் ஏறிப் போய்விடுகிறாள்.