படிக்காமல் விட்ட இரண்டாவது வரி

கண்ணுங்களா, போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடைய லேப்டாப்பைத் துடைத்து வைக்கிறோம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தீர்கள். திரைக்குக் கீழே ஒட்டியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் துண்டை அழுக்கு என்று நினைத்து ஸ்கேலால் நெம்பினீர்கள். நான் போட்ட சத்தத்தில் சின்னது அழுதேவிட்டது. அது அழுக்கில்லை. காரணம் சொல்லாமல் கத்தியது என் தப்பு. இப்போது சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, நம் திருத்தணியில்தான் நடந்தது. காவடிக் கூட்டத்துக்கு வரும் பஸ்கள் நிற்பதற்காக மலையடிவாரத்தில் ஒரு முள்காட்டைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே ஓடிய பொக்லைன் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது என்று அதன் ஓனர் காலையில் போன் செய்தார். பழுது பார்க்க லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

இப்போது வரும் வண்டிகளுக்கு டீசல் மட்டும் போதாது. புகையில் இருக்கும் விஷத்தைக் குறைக்க யூரியாத் தண்ணீர் என்று ஒன்றைத் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். அது சரியான பதத்தில் இருக்கிறதா என்று டேங்குக்குள் ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். சரியில்லை என்று அதற்குத் தோன்றினால் விளக்கு எரியும், எஞ்சின் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மாட்டினால் என்ன குறை என்று ஓர் எண்ணும் பக்கத்திலேயே இங்கிலீஷில் ஒரு வரியும் வரும்.

அன்றைக்கு இரண்டு எண், இரண்டு வரி வந்தன. உங்கள் அப்பா பத்தாவது வரைக்கும்தான். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். முதல் வரி, யூரியாத் தண்ணீர் தரம் சரியில்லை என்றது. அது புரிந்துவிட்டது. இரண்டாவது வரி நீளமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

"யூரியா சரியில்லன்னு காட்டுதுங்க" என்றேன்.

ஓனர், பக்கத்தில் நின்ற வண்டி ஓட்டும் ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். "இன்னாடா, யூரியாவ வித்துட்டு தண்ணி ஊத்திக்கினு கீறியா?"

"இல்லீங்க. நான் ஊத்தலீங்க."

"அப்ப மிஷினு பொய் சொல்லுதா? நீ சொல்லுப்பா."

அவர் என்னைத்தான் கேட்டார். ஆபரேட்டரும் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பொறுங்கள், சோதித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். பெரிய ஆள் மாதிரி, "தண்ணி கலந்தாதாங்க இப்படிக் காட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

ஓனர் கை நீட்டினார். ஆபரேட்டர் சாவியைக் கொடுத்தார். கேபினில் இருந்த சாப்பாட்டுப் பையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். போகிற போக்கில் என்னிடம், "மண்ணு அள்ளுற பக்கெட்டு தானா எறங்குதுண்ணா, ரெண்டு நாளா. அதையும் கொஞ்சம் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திருட்டுப் பட்டத்தோடு போகிறவரை இனி எந்த ஓனர் வண்டியில் ஏற்றுவார்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஓனர் வேறு ஆள் தேடி அரக்கோணம் கிளம்பினார்.

பழைய யூரியாவை ஒரு கேனில் இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றினேன். விளக்கு அணையவில்லை. எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தும் அணையவில்லை. அதற்குப் பிறகுதான் பையிலிருந்த பதம் பார்க்கும் குழாயை எடுத்தேன். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்க்கிற சின்னக் கருவி. பழைய யூரியாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விட்டேன். எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நின்றது கோடு. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை.

திரும்பவும் லேப்டாப்பைத் திறந்து இரண்டாவது வரியை விரல் வைத்துப் படித்தேன். சென்சாரிலிருந்து வரும் சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று இருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டேங்குக்குப் பின்னால் ஒயர் சேருகிற பிளக்கை ஒயர் கட்டுகிற வெள்ளை பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்தது. அந்தக் கட்டை எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் சர்வீஸ் செய்தபோது பிளக்கின் பூட்டு என் கையிலேயே உடைந்தது. அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம் என்று கட்டிவிட்டு வந்தவன் நான். பிளக்கைத் திறந்தால் உள்ளே தண்ணீர் போய்ப் பச்சைப் பசேலென்று களிம்பு.

உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த டையை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. சென்சார் கோளாறு என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். பிளக்கைச் சுத்தம் செய்து, வேறு பூட்டு போட்டேன். விளக்கு அணைந்தது. வண்டி பழையபடி உறுமியது.

யூரியா டேங்கை மூடப் போனபோதுதான் தரையில் கிடந்த துணி கண்ணில் பட்டது. மூடி மேல் தூசி படியக் கூடாது என்று ஆபரேட்டர் அதன் மேல் துவைத்த வெள்ளைத் துணி கட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். காலையில் நான்தான் அதைப் பிய்த்து வீசினேன். துணி கட்டிக் காப்பாற்றுகிறவன் தண்ணீர் ஊற்றுவானா என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். துணியை உதறித் திரும்பக் கட்டினேன். பைக்கை எடுத்துக்கொண்டு கனகம்மாசத்திரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வாசலில் என்னைக் கண்டதும் அவர் மனைவி உள்ளே பார்த்து, "பாவா, உனக்குத் திருடன்னு பேரு வெச்ச மெக்கானிக்கு வந்துகினு கீறாரு" என்றார். நானும் கேட்கட்டும் என்றுதான் தமிழில் சொன்னார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேட்டர் சாப்பாட்டுப் பையின் ஓரத்தில் கைவிட்டு, நகம் அளவு கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்தார். "இதுவாண்ணா? அன்னிக்கு சர்வீஸ் முடிச்சு நீங்க போனப்புறம் வண்டிக்கடியில கெடந்துச்சு. வண்டியோடதாச்சே, கேட்டா குடுக்கலாம்னு எடுத்து வெச்சேன். நீங்க கேக்கவே இல்ல."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பொக்கிஷம் மாரி பையில வெச்சிக்கினு சுத்துது. இத ஓனருகிட்ட காமிக்க வேணாமா?"

"இதுக்கும் யூரியாவுக்கும் இன்னா சம்பந்தம்னு எனக்கு எப்படி தெரியும்?" என்றார் அவர். எனக்கே தெரியவில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திரும்பினேன். ஓனர் வந்துவிட்டிருந்தார். நாளைக்கு வேறு ஆள் வருகிறான் என்றார். வெட்டிய டையையும் பூட்டின் உடைந்த துண்டையும் அவர் கையில் வைத்தேன். "இது என் வேலைங்க. அவர் தண்ணி ஊத்தல."

அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. கடைசியில், "இனிமே என் வண்டியில கைய வெக்காத" என்றார். சாவியை ஆபரேட்டரிடம் நீட்டினார்.

சாவியை வாங்கிக்கொண்ட ஆபரேட்டர், "அண்ணனே பாக்கட்டுங்க. இந்த ஒயர இனிமே அவர் மறக்கவே மாட்டாரு" என்றார்.

ஓனர் சிரிக்கவில்லை. ஆனால், "பக்கெட்டு எறங்குதுன்னானே, அத எப்பப் பாப்ப?" என்று என்னைக் கேட்டார்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஓனரிடமிருந்து திரும்ப வாங்கி வந்த அந்தத் துண்டைத் துடைத்து, லேப்டாப் திரைக்குக் கீழே, எண்கள் வரும் இடத்துக்கு நேராகப் பசை தடவி ஒட்டினேன். காயும் வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் யாரையாவது குறை சொல்ல வாய் வரும்போது என் விரல் முதலில் அதைத்தான் தொடுகிறது, கண்ணுங்களா.